ரோகிணி முடியும்வரை

அன்று பகல் பதினொன்றரை வரை ரோகிணி. காலண்டரில் போட்டிருந்தது, நான் போடவில்லை.

ரோகிணியில் பிறக்கும் பிள்ளை மாமனுக்கு ஆகாது. கிருஷ்ணன் பிறந்த நட்சத்திரம்; அவன் மாமன் கதி ஊரறிந்தது. எனக்கு ஒரே தங்கை, சித்ரகலா. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாலர் விழுந்த வருடம். என் பனியன் கம்பெனியில் பாதி மெஷின் சும்மா நின்றது. அதற்குமேல் ஒரு ரோகிணியையும் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

அவளுக்கு ரத்த அழுத்தம். பாதம் வீங்கி, செருப்பு நுழையவில்லை. காலையிலேயே ஆபரேஷன் என்றார்கள். நட்சத்திரம் பார்த்துத் தள்ளிவைக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் பலகையே மாட்டியிருந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் ரத்தினசாமி வந்தார். கேட்காமல் ஊசியைத் தொடாதவர்.

"ராத்திரிக்கப்புறம் ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா?"

"இல்லீங்க."

"நாலு இட்லி தின்னாளுங்க. இப்பத்தான்," என்றேன்.

"நான் எங்கீங்கண்ணா தின்னேன்?"

"நீங்க வைவீங்கன்னு மறைக்கறாளுங்க, டாக்டர்."

நிறைந்த வயிற்றோடு மயக்கினால், தின்றது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். முந்தின நாளே நர்ஸ் சொல்லியிருந்தாள். அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது, மதியம் வரை பார்க்கலாம் என்றார். சந்தேகம் வந்தால் தின்றதாகவே வைத்துக்கொள்வது அவர்கள் முறை. நல்ல முறை. மதிக்கிறேன்.

ரோகிணி முடியக் கால் மணி இருக்கையில் வலிப்பு வந்தது. கையெழுத்துக்கு என்னைத் தேடியிருக்கிறார்கள். எதிர் டீக்கடையில் இருந்தேன். டீ நல்ல சூடு. ஆற்றித்தான் குடித்தேன்.

பையன் மிருகசீரிடம். சித்ரகலாவும் பிழைத்தாள். வலது கை மட்டும் தூக்க வரவில்லை. அந்த நாளும் அவளுக்கு நினைவில் இல்லை. அவள் மாமியார் காளியாத்தாள் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வாள்: "நாலு இட்லிக்கு வாயக் கட்ட முடியாம கையத் தொலைச்சுப்போட்டாளுங்க." நான் கண்டிப்பேன். என் தங்கையை யாரும் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

போன வாரம் வெள்ளகோவிலில் காது குத்து. மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். பையன் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். கம்பெனியும் இப்போது நன்றாக ஓடுகிறது. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்ரகலா இடது கையால் அவன் தலையைப் பிடித்தபடி குனிந்தாள்.

"ஏனுங்கண்ணா, சின்னதுலருந்தே எனக்கு இட்லி ஆகாதுங்களே. அன்னைக்கு நெசமாலுமே தின்னனுங்களா?"