மலை வலது கைப் பக்கம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மீனவர் சங்கத் தலைவர் தோன் அமாதோர் அவர்களே, பக்கத்தில் அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் வேலையைக் கஷ்டமாக்கிவிட்ட ஆசிரியை அவர்களே, வலையையும் அடுப்பையும் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் என் தீவு மக்களே, வணக்கம்.

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய பேச்சு வராது. ஆனால் இந்தத் தீவில், நாமெல்லாம் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிட்ட ஓர்ஃபிலியாவிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன் யார் என்று ஒரு போட்டி வைத்தால், என் பக்கத்தில் நிற்க இங்கே ஒருவரும் கிடையாது. அந்தத் தகுதியில்தான் பேச வந்திருக்கிறேன்.

ரொட்டிக்கடைக்காரி ஓர்ஃபிலியா! கோழிக்கூண்டின் மேல் செப்புக்குழாயை முறுக்கி நட்டு வைத்து, வானத்தில் போகும் செயற்கைக்கோளிடம் மேகப் படம் வாங்கிய ஓர்ஃபிலியா! எதற்காக அந்தப் படம் இறக்கும் கருவியை வாங்கினார்? நம் மேல் உள்ள பாசத்தாலா? இல்லை. வல்பராய்சோ துறைமுகத்திலிருந்து வரும் கப்பலில் அவருடைய மாவு மூட்டை இருக்கும். கப்பல் கரை சேருமா என்று பார்க்க வாங்கினார். அவரே சொல்வார்: "எனக்கு மாவு வரணும், உங்களுக்கு உசிரு வரணும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது ஒரே மேகம்தான்டா."

காலையில் சூடான ரொட்டிக்கு மேலே, கடைச் சன்னலில் அந்தப் படம் தொங்கும். அதைப் பார்க்காமல் நம் படகு எதுவும் சிங்கி இறால் பிடிக்கப் போனதுண்டா? சொல்லுங்கள், போனதுண்டா?

ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். "எலியோ, வந்த படத்த எடுத்து மாட்டிடு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மாட்டினேன். செயற்கைக்கோள் வடக்கிலிருந்து வந்தால் படம் நேராக விழும், தெற்கிலிருந்து வந்தால் தலைகீழாக விழும், நாம்தான் திருப்ப வேண்டும். அது எனக்கு எங்கே தெரியும்? நம் சிலி நாடு வேறு எந்தப் பக்கம் திருப்பினாலும் கயிறு மாதிரிதான் கிடக்கிறது! படத்தைப் பார்த்தேன். புயல், நாட்டின் கிழக்கு எல்லையில் நீளமாகக் கிடக்கும் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது. "புயல் அர்ஜென்டினாக்காரன் தலைக்குப் போயிடுச்சு!" என்று கத்தினேன். மீனவர் சங்கம் மொத்தமும் கைதட்டியது. தோன் அமாதோர், நீங்கள் தொப்பியையே தூக்கிப் போட்டீர்கள். குனியாதீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

படகைத் தண்ணீரில் இறக்கும் நேரம். போர்வையைச் சுற்றிக்கொண்டு, காலில் வீட்டுச் செருப்போடு, மேட்டிலிருந்து ஓடி வந்தார் தோன்யா.

"அர்ஜென்டினாக்காரன் தலைக்கு இல்லடா, உன் தலைக்கு! மலை எந்தக் கைப் பக்கம் இருக்கு, பாத்தியா?"

"இடது பக்கம், தோன்யா."

"நாம பொறந்ததுலேருந்து அது எந்தப் பக்கம் இருக்கு?"

அன்று சாயங்காலம் அடித்த காற்றில் படகுக் கொட்டகையின் கூரை பறந்தது. நாம் பறக்கவில்லை. அன்றிலிருந்துதானே நமக்கு அந்த வழக்கம்? படத்தைப் படிப்பவன் முதலில் மலை வலது கைப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நம் தீவு இருக்கும் இடத்தில் விரலை வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கலாம்.

என் மகள் யாஸ்னா இறால் பருவத்துக்கு வெளித்தீவில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். தோன்யா அவளுக்கு ஞானத்தாய். கோவிலில் அவளைக் கையில் ஏந்தியவர். அங்கிருந்து இங்கே வர ராத்திரி முழுக்கக் கடலில் வர வேண்டும். தோன்யா வானொலியில் "வா" என்று சொல்லாமல் அவள் ஒருநாளும் நங்கூரம் எடுத்ததில்லை.

நேற்றுக் காலை வானொலியில் கூப்பிட்டாள்.

"அப்பா, சாயங்காலம் கிளம்புறேன். இங்க கடல் தட்டு மாதிரி கெடக்கு."

"கொஞ்சம் இரும்மா. படம் பாத்துட்டுச் சொல்றேன்."

"படமா? யாரு பாக்குறது?"

ரொட்டிக்கடைக்கு ஓடினேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கருவியைப் போட்டேன். குதிரை நடக்கிற மாதிரி டொக் டொக்கென்று அந்தச் சத்தம் வந்தது. கோடு கோடாகப் படம் இறங்கியது. எப்போதும் பின்னாலிருந்து ஒரு குரல் வருமே, "மூஞ்சிய உள்ள விடாத, தள்ளி நில்லு" என்று? அதற்காகவே மூஞ்சியைக் கிட்டே கொண்டுபோனேன். ஒருவரும் திட்டவில்லை.

படம் தலைகீழாக இருந்தது. திருப்பினேன். மலை வலது கைப் பக்கம். தீவில் விரலை வைத்தேன். வெளித்தீவுக்கு மேற்கே, விரலுக்கு இடது பக்கம், சுருட்டி வைத்த வெள்ளைக் கம்பளி மாதிரி மேகம்.

"யாஸ்னா, வராத."

"அப்பா! கடைசியா ஒரு தடவ அவங்க முகத்தப் பாக்க வேணாமா? நீ தலைகீழாப் படிச்சிருப்ப. ஊருக்கே தெரியும் ஒன்னப் பத்தி!"

"திருப்பிட்டேம்மா. மலை வலது கைப் பக்கம்தான்."

பிறகு, "சரிப்பா, இருக்கேன். எனக்கும் சேத்து ஒரு பிடி மண்ணு போடு" என்றாள்.

போட்டேன். என் மகள் என் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டுதான் இரண்டு பிடி போட்டேன்.

நேற்று ராத்திரியிலிருந்து இந்த மண்டபத்தின் தகரக் கூரை படபடவென்று அடிக்கிறதே, கேட்கிறதா? அவள் நேற்று கிளம்பியிருந்தால் ராத்திரி எங்கே இருந்திருப்பாள்? அதோ முன்வரிசையில் அவளுக்கான நாற்காலி காலியாக இருக்கிறது. நான்தான் போடச் சொன்னேன். அது இன்று காலியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தது நானில்லை. தோன்யா ஓர்ஃபிலியா.

அம்மா ஓர்ஃபிலியா! உங்கள் கருவியை நான் அணைக்கவில்லை. நாளைக் காலையும் சன்னலில் படம் இருக்கும், மறுநாளும் இருக்கும். இது இந்தச் சபைக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. ரொட்டிக்கு மட்டும், மக்களே, வேறு ஆளைப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் மாட்டியதும் சும்மா தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். மலை எந்தக் கைப் பக்கம் இருக்கிறது என்று நீங்களும் பாருங்கள். தவறாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், ஊருக்கே கேட்கும்படி திட்டுங்கள். வீட்டுச் செருப்போடு ஓடிவர இனி நமக்கு ஆள் இல்லை.