குதிரைக் காதில் பஞ்சு

— நிறுத்து. அந்த இடம்தான். திரும்பப் போடு.

— அக்கா, வந்ததுலேர்ந்து இதையேதான் கேட்டுக்கிட்டிருக்க. கென்டக்கியிலேர்ந்து அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தது என் பாட்டைக் கேக்கவா? அதான் ரேடியோவுல நாளெல்லாம் ஓடுதே.

— ரேடியோவுல கேட்டுட்டுத்தான் வந்தேன். இப்ப உன் பக்கத்துல உக்காந்து, உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேக்கணும். போடு.

— டிரக்குக்குள்ள கேட்டாத்தான் நல்லா இருக்கும், அது வாஸ்தவம். நாஷ்வில்ல எந்தப் பாட்டும் ஸ்டூடியோவுல நல்லா இருந்தாப் போதாது, டிரக்ல நல்லா இருக்கணும். ஆனா இப்படி ஆபீஸ் வாசல்லயே கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்திருந்தா உள்ள இருக்கறவன் என்ன நெனைப்பான்?

— அக்காவும் தம்பியும் பேசறாங்கன்னு நெனைப்பான். ஹார்லன், ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. இது உன் பாட்டா?

— ஏன், என் பேர்தான போட்டிருக்கு?

— உன் பேரோட இன்னும் ரெண்டு பேர் இருக்கு. அந்த டம்மு டம்முனு ஒண்ணு அடிக்குதே, நம்ம ஊர்ல எவன்டா அப்படி அடிச்சான்?

— அது டெவன். அட்லாண்டாக்காரன். ராப் பாட்டுக்கெல்லாம் தாளம் போட்டவன். இப்ப எல்லாருக்கும் அதுதான் வேணும். கெல்சி மெட்டுப் போட்டா, அவ கலிஃபோர்னியா.

— அப்ப நம்ம கிராமத்துக் கன்ட்ரி பாட்டு எங்க இருக்கு? உன் தொப்பியிலயா?

— சொல்லுல இருக்குக்கா.

— ஆமா, பெரிய சொல்லு! டிரக்கு, ஆத்தங்கரை, பீரு, மண் ரோடு, செத்துப்போன அப்பா. போன பாட்டுல செத்தவரு இந்தப் பாட்டுல எழுந்து வந்து மறுபடி சாகறாரு. அந்த மனுசனுக்கு நிம்மதியே கிடையாதா?

— ஜனம் அதைத்தான கேக்குது. ஒருத்தன் ஆறு பாட்டை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் காட்டினான், எல்லாம் ஒரே பாட்டு மாதிரி கச்சிதமாப் பொருந்துது. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். மறுநாள் காலைல போய் ஏழாவதை எழுத உக்காந்தோம்.

— வெக்கமா இல்ல?

— வீட்டு வாடகை வெக்கத்தைப் பாக்குமா? ஆனா இந்தப் பாட்டு அப்படி இல்ல. முதல்ல கம்பெனிக்காரங்க இதையும் திருப்பித்தான் அனுப்பினாங்க. 'கொட்டகை எரியுது, அப்பன் குடிக்கறான், எல்லாமே எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு. வேற யார்கிட்டயும் இல்லாத ஒண்ணு வேணும்'னாங்க. அப்புறம் ரெண்டாவது சரணத்துல ஒரு வரி போட்டோம். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எடுத்தாங்க.

— எந்த வரி?

— அதான் நீ திரும்பத் திரும்பக் கேக்கறியே. குதிரை வரி.

— பாட வேண்டாம். சொல்லு.

— 'குதிரையை மட்டும் கொண்டுபோய் சர்ச் வேலியில கட்டினேன், காது ரெண்டுலயும் பஞ்சு வெச்சேன், நெருப்பு பேசறது கேக்காம இருக்கட்டும்னு.' என்னக்கா, ஏன் அப்படிப் பாக்கற?

— எழுதினது யாரு?

— அதை இங்க யாரும் கேக்க மாட்டாங்க. பாட்டெழுத ரூமுக்குள்ள மூணு பேர் உக்காந்தா மூணு பேருக்கும் சமபங்கு. ஒருத்தன் ஒரே ஒரு சொல் கொடுத்தாலும் அதே பங்கு. எது யாரோடதுன்னு வெளிய சொல்றதில்ல. அது இந்த ஊர் மரியாதை.

— நான் இந்த ஊர்க்காரி இல்ல. சொல்லு.

— சரி, உனக்காகச் சொல்றேன், உன்னோட வெச்சுக்க. என்னோடது. போதுமா? தெருவுல நிறுத்திக் கேக்கறாங்க, 'எப்படிப்பா உனக்குத் தோணுச்சு'ன்னு.

— எப்படித் தோணுச்சு?

— தோணுச்சு, அவ்வளவுதான். குளிச்சுக்கிட்டு நின்னேன், வந்துது.

— குளிக்கறப்ப.

— அட என்னக்கா நீ, போலீஸ்காரி மாதிரி...

— கேட்டுக்கோ. நம்ம குதிரைக் கொட்டகை எரிஞ்சு முடிஞ்ச காலைல ஊரே புகையைப் பாத்துக்கிட்டு நின்னுது. நான் குதிரையைத் தேடிப் போனேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு. கதவை உடைச்சுக்கிட்டு ஓடிப்போயிருந்துது, மேய்ச்சல்லேர்ந்து நீதான் புடிச்சுட்டு வந்த.

— நான் சொன்ன பொய் அது. சர்ச்சுக்குப் பின்னால வேலியில கட்டியிருந்தது. காது ரெண்டுலயும் பஞ்சு அடைச்சிருந்தது. நான்தான் பிடுங்கி எடுத்து ஓடையில போட்டேன்.

— நீ... என்னது?

— யார்கிட்டயும் சொல்லல. ஷெரிஃப் கேட்டாரு, சொல்லல. கோர்ட்ல கேட்டாங்க, சொல்லல. ஏன் தெரியுமா? நம்மகிட்ட வேலை பாத்த லைல்தான் கட்டியிருப்பான்னு நெனச்சேன். அந்தக் குதிரை மேல அவனுக்குத்தான் உயிரு. முந்தின நாள் அப்பாவோட கூலிக்காகச் சண்டை போட்டவனும் அவன்தான். பஞ்சு விஷயம் வெளிய வந்தா கட்டிக்கப் போறவன் மாட்டிப்பானேன்னு மறைச்சேன். மறைச்சும் அவனைத்தான் புடிச்சாங்க.

— தெரியும்க்கா...

— உனக்கு ஒண்ணும் தெரியாது. ஜெயில்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு 'நான் இல்ல வெர்னா, நீயாவது நம்பு'ன்னு அழுதான். நான் நம்பல. எப்படி நம்புவேன், எனக்குத்தான் பஞ்சு தெரியுமே! அங்கயே மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்தனுப்பினேன். இப்ப வெளிய வந்து, ஒருத்தனும் வேலை கொடுக்காம, மரக்கடைக்குப் பின்னால ஒரு ஓட்டை டிரெய்லர் வண்டியை வீடாக்கிக்கிட்டுக் கெடக்கான். என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடறான்.

— என்கிட்ட ஏன் இதை...

— அந்தப் பஞ்சு உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். எடுத்த எனக்கு. வெச்ச ஆளுக்கு. இப்பச் சொல்லு ராசா, குளிக்கறப்பவா தோணுச்சு?

— நான் கொளுத்தினேங்கறியா?

— அப்பா பெல்ட்டை உருவிக்கிட்டு உன்னை எங்க தள்ளிட்டுப் போவாரு? அந்தக் கொட்டகைக்குத்தான. உனக்கு அப்பப் பதினாறு வயசு. முதுகு முழுக்கத் தழும்பு. ஊர்ல வேற யாருக்குடா அந்தக் கொட்டகை மேல அவ்வளவு கோவம் இருக்கும்? அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும்.

— சத்தியமா நான் இல்ல. நான் அந்தப் பக்கமே போகல. அது... அந்த வரி டெவனோடதுக்கா. பெருமைக்காகச் சொல்லிட்டேன்.

— டெவனையா? உன்னைப் பாக்கறதுக்கு முந்தியே பாத்துட்டேன். உள்ள காப்பி குடிச்சுக்கிட்டிருந்தான். பொறந்ததுலேர்ந்து குதிரையைத் தொட்டதே கிடையாதாம். 'ஹார்லன்தான் எழுதியே கொண்டு வந்தான், படிச்சுக் காட்டினப்ப கெல்சி அழுதுட்டா'ன்னான். உங்க ஊர் மரியாதையெல்லாம் என் மூஞ்சியைப் பாத்ததும் மறந்துபோச்சு அவனுக்கு. எங்க போற? கதவைத் தொறக்காத.

— மூச்சு முட்டுது.

— லைலுக்கும்தான் முட்டியிருக்கும். உக்காரு.

— நான் இப்பச் சொல்லப்போறது வெளிய தெரிஞ்சா என் பொழப்பு போச்சு. பாட்டுக்குப் பரிசு வரும்போல இருக்கு. அந்த வரிக்குத்தான். 'ஹார்லன் மறுபடி விழிச்சுக்கிட்டான்'னு பத்திரிகையில எழுதறாங்க. ஆனா... அது என்னோடது இல்ல.

— அப்ப திருடினியா?

— எனக்குள்ள ஒண்ணுமே இல்லக்கா. ரொம்ப வருஷமாவே இல்ல. எழுதினதையே திருப்பி எழுதிக்கிட்டிருக்கேன், முன்ன பின்ன ஒரு சொல்லை மாத்தி. யாராவது கண்டுபுடிச்சிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே. அந்தப் பாட்டுலயே புதுசுன்னு இருக்கறது அந்த ஒரு வரிதான், அதுவும் என்னோடது இல்லன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?

— உன் அழுகையை அப்புறம் கேக்கறேன். ஒருத்தன் வாழ்க்கையே போயிருக்கு இங்க. யார்கிட்டேர்ந்து எடுத்த?

— எடுக்கல. கொடுத்தாங்க. பாட்டு திரும்பி வந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணிப் புலம்பினேன். 'நம்ம கொட்டகை எரிஞ்சதைத்தான் எழுதியிருக்கேன், ஆனா எல்லார் பாட்டுலயும் கொட்டகை அதே மாதிரிதான் எரியுது'ன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவற சத்தம் நின்னுது. அப்புறம் அந்த வரி வந்துது. அப்படியே, ஒரே மூச்சுல. எங்கயோ பழைய கதையில கேட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்.

— யாருடா?

— அம்மா.

— பொய் சொல்லாத.

— நான் ஏன்க்கா அம்மா மேல பொய் சொல்லப்போறேன்? 'உன் பேரையும் போடறேன்மா, உனக்கும் பங்கு உண்டு'ன்னேன். 'பேர் வேண்டாம், பங்கு வேண்டாம். நம்ம ஊர் ரேடியோவுல வந்தாப் போதும், வெர்னா கேப்பா'ன்னா. பெருமைக்குச் சொல்றான்னுதான் நெனச்சேன். சந்தோஷமா என்னோடதுன்னு எடுத்துக்கிட்டேன்.

— நான் கேப்பேன்னா? என் பேரைச் சொன்னாளா?

— சொன்னா.

— அப்ப வெச்சது அவதான். நான் பஞ்சை எடுக்கறதையும் எங்கேர்ந்தோ பாத்திருக்கா. இத்தனை வருஷமும் ஒரே மேசையில உக்காந்து சோறு தின்னுருக்கோம் ஹார்லன். நான் லைலை நெனச்சு அழுதப்ப என் தலையைத் தடவிவிட்டிருக்கா!

— அவ எனக்காகத்தான்க்கா செஞ்சிருப்பா. அந்த பெல்ட்டை அவளால தடுக்க முடியல.

— உனக்காகக் கொளுத்தினா. சரி. லைல் யாருக்காக உள்ள போனான்? எனக்காக யாரு என்ன செஞ்சா?

— என்னைத் திட்டு, எவ்வளவு வேணா திட்டு. முதல்ல அவகிட்டப் பேசிடலாம். இரு, இப்பவே போன் போடறேன்.

— போடாத. எடுக்க மாட்டா.

— ஏன்?

— நான் எந்தப் பாட்டையும் காது கொடுத்துக் கேக்கறவ இல்ல. சமையல்கட்டுல அது பாட்டுக்கு ஓடுச்சு. அந்த இடம் வந்ததும் ஈரக் கையோட ஓடி வந்து சத்தத்தைக் கூட்டி வெச்சது அம்மாதான். என் மூஞ்சி மாறினதைப் பாத்துட்டு, 'என்கிட்ட ஏன் முழிக்கற, எழுதினவனைப் போய்க் கேளு'ன்னு சாவியைக் கையில கொடுத்ததும் அவதான். காலைல என்னோடயே வண்டியில ஏறினா. கோர்ட்டு வாசல்ல இறக்கிவிடுன்னா.

— கோர்ட்டுக்கா? எதுக்காம்?

— கார் நம்பர் புதுப்பிக்கணுமாம், அந்த ஆபீசும் அங்கதான இருக்கு. சர்ச்சுக்குப் போடற நல்ல கவுனைப் போட்டிருந்தா, மடியில வாய் மூடாத ஒரு பெரிய பை. இருந்த கோவத்துல நானும் ஒண்ணும் கேக்கல. கார் நம்பர் புதுப்பிக்கப் போறவளுக்கு எதுக்குடா பையில மாத்திரை டப்பாவும், ராத்திரி போட்டுக்கற கம்பளிச் சட்டையும்?