உங்க சீட்டுல பேரு இருந்ததா?

— நம்ம சிப்பியை அவ என்ன பேரு சொன்னா, கேட்டியா பெக்-யுன்? பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கற பேரு! கடற்கரைக்கு வந்து ஓட்டுக் கேக்கறவ வாயில, நாம சொல்ற 'ஓ-ஆ'ங்கற ரெண்டு எழுத்து நுழையலை. இவளா தைவானுக்கு ஜனாதிபதி?

— பேரைத் தப்பாச் சொன்னா சிப்பி என்ன கோவிச்சுக்கிட்டு ஓடிடுமா? நடந்துகிட்டே பேசு, கிம்-ஹாய். மணி மூணாச்சு. நாலு மணிக்கு ஓட்டுச்சாவடியைச் சாத்திடுவாங்க.

— சாத்தட்டும். பதினாறு வருஷமா நான் ஓட்டுப் போடலை. நாட்டுல ஜனாதிபதியே இல்லாமலா போச்சு?

— கேட்டுக்கோ. அதோ மாட்சு அம்மன் கோயில் ஆலமரம் தெரியுதுல்ல, அங்கேர்ந்து சாவடி வாசலுக்கு முப்பது மீட்டர். அதைத் தாண்டி ஓட்டைப் பத்தி மூச்சு விட்டா அபராதம். அதுக்குள்ள உன்னை நான் வழிக்குக் கொண்டுவரணும். டெங் அம்மா மேல என்னென்ன புகார் வெச்சிருக்கே? எல்லாத்தையும் கொட்டு.

— டிவி விவாதத்துல அழுதா.

— அழுதா. எனக்கும்தான் பிடிக்கலை. ஆனா கண்ணைத் தொடைச்சிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னா. ஒண்ணாம் நம்பர்க்காரன் கடைசி வரைக்கும் சிரிச்சிட்டே இருந்தானே, பதில் எங்க? அடுத்தது.

— கட்சி மாறினா.

— ஒரு தடவை. ரெண்டாம் நம்பர் மூணு தடவை மாறினான். நீகூடத்தான் பாக்கை விட்டுட்டு சிகரெட்டுக்கு மாறினே. அதுக்காக உன்னை நான் விவாகரத்தா பண்ணிட்டேன்?

— அவ பண்ணினாளே! கட்டினவனோடயே ஒத்துப்போகத் தெரியாதவ...

— அந்தப் புருஷன் மூஞ்சியைப் பேப்பர்ல பாத்தியா? பாத்திருந்தா நீயே அவளுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பே.

— அது சரி. உன்கிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்கு.

— இல்லை. ஒண்ணே ஒண்ணுக்கு இல்லை. அதை நீ இன்னும் சொல்லலை. சொல்லு.

— கால்வாய்ல நான் கட்டி வெச்ச நாப்பது மூங்கில் சட்டம், பெக்-யுன்.

— ம்.

— கொத்துக் கொத்தா சிப்பி தொங்கிட்டிருந்தது. அவ இங்க மாவட்டத் தலைவியா இருந்தப்போ, கால்வாயை மறிக்குதுன்னு நாப்பதையும் பிடுங்கச் சொன்னா. மூணு மாசத்துல வேற இடம் தர்றேன்னா. பதினாலு மாசம் ஆச்சு. சொந்தமா சிப்பி வளத்தவன், அடுத்தவன் படகுல கூலிக்குப் போனேன்.

— மறக்கலை. முதல் நாள் நீ கஞ்சியைக் குடிக்காமலே எந்திரிச்சுப் போனதையும் மறக்கலை. அது அவ செஞ்ச தப்பு. நான் பூசி மெழுக மாட்டேன். ஆனா கேட்டுக்கோ, அடுத்த வருஷம் புயல் அடிச்சப்போ அந்தக் கால்வாய்ல தண்ணி ஓடிச்சு. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா நம்ம வீட்டுக்குள்ள வெள்ளம் வரலை. அரிசியைப் பரண்ல ஏத்தாம நிம்மதியாத் தூங்கினோம். அதையும் தராசுல போடு.

— போட்டாச்சு. இன்னும் என் பக்கம்தான் கனம்.

— அப்போ இதையும் போடு. ஒரு நாள் மழையில அவளே நம்மகிட்ட வந்தா. கூட கேமரா இல்லை, தேர்தலும் இல்லை. நாம சிப்பி உடைக்கற கொட்டகையில, சிப்பி ஓடு குவிஞ்சு கிடக்கறதுக்கு நடுவுல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, "மூணு மாசம்னு சொன்னது என் தப்பு, யோசிக்காம வாயை விட்டுட்டேன்"னு சொன்னா. உன் ஆயுசுல எந்தத் தலைவன் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கே?

— கேட்டதில்லைதான்.

— ஆங், அப்படி வா!

— அட, இரு. அவ நல்லவளாவே இருந்துட்டுப் போகட்டும். என் வியாதி அவ இல்லை. அது உனக்கும் தெரியும்.

— தெரியும். அந்த எட்டு ஆம்லெட்.

— எட்டு! நம்ம வீட்டுல, உன் கையால சுட்ட சிப்பி ஆம்லெட். ஓட்டுக் கேட்டு வந்த அந்த வேட்பாளன் அத்தனையும் தின்னுட்டு என் கையைப் பிடிச்சு "உங்க ஓட்டை உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்"னான். ஜெயிச்சான். நம்ம துறையில மண்ணு மூடிப் படகு தட்டுதுன்னு மனுவை எடுத்துக்கிட்டு தைபேக்குப் போனேன். அவன் ஆபீஸ் வாசல்ல ஒரு உதவியாளன். நான் ஓட்டுப் போட்டவன்னு சொன்னதுக்கு என்ன கேட்டான்? "வர்றவன் எல்லாம் அதான் சொல்றான். உங்க சீட்டுல உங்க பேரு இருந்ததா?" சுத்தி நின்னவங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. பஸ்ஸுல அஞ்சு மணி நேரமும் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. அன்னிக்கு முடிவு பண்ணினேன், பேரு தெரியாத ஓட்டை இனி போடறதில்லைன்னு.

— நீ போட்டுட்டுப் போன சட்டையை நான்தானே தேச்சுக் குடுத்தேன், கிம்-ஹாய். அதே சட்டையில தலையைத் தொங்கப் போட்டுட்டு நீ வந்து நின்னதை நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஆனா எவனோ ஒரு பொடிப்பய சிரிச்சான்னு பதினாறு வருஷம் நீ வாயைக் கட்டிக்கிட்டே. ஜெயிச்சது யாரு? அவன்தான். இன்னிக்கு மயிரிழையில நிக்குதுன்னு எல்லாக் கணிப்பும் சொல்லுது. நான் காலையிலயே போட்டுட்டேன், என் ஒரு ஓட்டு பத்தாது. உன்னோடது வேணும்.

— ஆலமரம் வந்துடுச்சு.

— வந்துடுச்சு. வாயை மூடிக்கறேன். கடைசியா ஒண்ணு. அவளை நம்பினா, "நான்தான்யா போட்டேன்"னு நாளைக்கு நெஞ்சை நிமித்திச் சொல்ற மாதிரி குத்திட்டு வா. நம்பலைன்னா இப்படியே வீட்டுக்குத் திரும்பிடலாம். சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன்.

— ம்... அடையாள அட்டையைக் குடு. என் பேரு செதுக்கின முத்திரையையும் குடு.

— மீனவர் சங்கத்துல பென்ஷனுக்குக் குத்தற முத்திரைதானே, இந்தா. பட்டியல்ல உன் பேருக்கு நேரா இதைக் குத்தினாத்தான் சீட்டையே கையில தருவாங்க.

— எல்லாம் தெரியும். பதினாறு வருஷத்துல மறந்தா போயிடும்? நீ இங்கயே நில்லு.

— பெக்-யுன் அக்கா! உள்ள போறது நம்ம கிம்-ஹாய் அண்ணனா? நெசமாவா?

— கண்ணைத் தேச்சு இன்னொரு தடவை பாத்துக்கோ, சியு-லான். உனக்கென்ன, இந்தக் காத்துல சாவடிக்கு வெளிய நின்னுட்டிருக்கே?

— இன்னிக்கு எனக்கு இங்க வேலை, அக்கா. வர்றவங்களுக்கு ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லணும். போன தடவை இந்த ஒரு சாவடியில மட்டும் பதினோரு சீட்டு செல்லாமப் போச்சு.

— பதினொண்ணா! எதனால?

— எல்லாம் பெருசுங்க. பட்டியல்ல குத்தறதுக்கு சொந்த முத்திரையைக் கையில வெச்சிருக்காங்களா, மறைப்புத் தட்டிக்குள்ள போனதும் அங்க இருக்கற அரசாங்க முத்திரையை விட்டுட்டு அதையே சீட்டுலயும் குத்திடறாங்க. சீட்டுல பேரு பட்டா அது குப்பைதான். சாயந்திரம் ஒவ்வொரு சீட்டாத் தூக்கிக் காட்டி எண்ணறாங்கல்ல, ஊரே பேரைப் படிச்சுப் படிச்சு சிரிச்சுது.

— அடப்பாவமே.

— அண்ணனுக்குச் சொல்லித்தானே அனுப்பினீங்க? நான் தண்ணி குடிக்கப் போன நேரம் பாத்து நுழைஞ்சுட்டார்.

— அவருக்கா? எத்தனை பென்ஷன் பாரத்துல முத்திரை குத்தின மனுஷன். எதை எங்க குத்தணும்னு அவருக்கா தெரியாது? இதோ வந்துட்டார். அந்த நடையைப் பாரேன், மாப்பிள்ளை மாதிரி!

— பெக்-யுன்!

— கத்தாதே, மரத்தைத் தாண்டி வா. இன்னும் கொஞ்சம்... ம், இப்போ சொல்லு. போட்டியா?

— டெங் அம்மாவுக்குத்தான். நல்லா அழுத்திக் குத்தினேன்.

— என் ராசா! உனக்கு எட்டு என்ன, பத்து ஆம்லெட் சுட்டுத் தர்றேன். ஆமா, முத்திரையை ஏன் இன்னும் இறுக்கிப் பிடிச்சிருக்கே? விரலெல்லாம் மை.

— நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். தட்டிக்குள்ள ஒரு வட்ட முத்திரை வெச்சிருக்காங்க. ஊருல அத்தனை பேரும் அதையேதான் குத்தறாங்க. அதைப் பாத்து இது கிம்-ஹாய் போட்டதுன்னு யாருக்குத் தெரியும்?

— கிம்-ஹாய்... நீ என்ன பண்ணினே?

— இனி எந்தப் பயலும் என்னைப் பாத்து அந்தக் கேள்வியைக் கேக்க முடியாது. டெங் அம்மா படத்துக்கு மேல, கட்டத்துக்கு நட்ட நடுவுல, என் பேரு செக்கச்செவேல்னு இருக்கு!