மஞ்சத்துணியில கட்டின புஸ்தகம்

செருப்போடவே வாங்க சார், பரவால்ல. அவரு இருந்திருந்தா கழட்டச் சொல்லியிருக்க மாட்டாரு. சாமியே இல்லைன்ன மனுசன். அவரு சமாதிக்குத்தான் நாலு தலைமுறையா கற்பூரம் காட்டிக்கினு இருக்கறோம். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, எங்களுக்கு வேணும்.

ஆமா, எங்க நைனாவுக்குக் கொள்ளுத்தாத்தா. வீராசாமி டாக்டரு. வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராசுல படிச்சிட்டு, செஞ்சிக்கே திரும்பி வந்துட்டாரு. காலையில வைத்தியம், சாயந்திரம் கோட்டை மலை. பாம்பு, ஓணான், செடி, எதப் பாத்தாலும் உக்காந்து எழுதுவாராம். ஊரே மேல்மலையனூர் அமாவாசைக்குக் கிளம்பினா, இவரு ராஜகிரியில பல்லி முட்டை எண்ணிக்கினு இருப்பாராம். நான் செத்தா கல்லு நடாதீங்க, வெளக்கு வெக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு. யாரு கேட்டா? பாம்புக்கடிக்கு வைத்தியம் பாத்தவராச்சேன்னு ஜனங்க டாக்டர்சாமின்னு ஆக்கிட்டாங்க.

நீங்க தேடி வந்த புஸ்தகம் இதான். அவரு கையெழுத்து. மஞ்சத்துணியில கட்டி, பொட்டு வெச்சு, வெளக்குக்குப் பின்னால வெச்சிருந்தோம். சாமி பொருளாச்சே, யாரும் பிரிக்கறதில்ல. போன ஐப்பசியிலதான் நான் பிரிச்சேன். பாம்பு கடிச்சவனுக்கு மந்திரிக்காதே, விபூதி பூசி நேரத்த வீணாக்காதே, உடனே வைத்தியன்கிட்ட தூக்கிக்கினு ஓடுன்னு மொதப் பக்கத்துலயே எழுதியிருக்காரு சார். பொட்டு வெச்ச துணிக்கு உள்ளாற.

ஏன் பிரிச்சேனா? அதோ எண்ணெத் தூக்கோட வருதே, நாகம்மா. அதோட பொண்ணு பூங்குழலி, ஒம்பது வயசு. மல்லாட்டைக் கொல்லையில கடலை பொறுக்கறப்ப பாம்பு கடிச்சிடுச்சு. நேரா இங்க தூக்கியாந்தாங்க. ஆட்டோவுக்குப் போன் போடட்டுமா அண்ணேன்னு நாகம்மா கேட்டுது. வேணாம்மா, சாமி இருக்கறாருன்னு நான்தான் விபூதி பூசி வூட்டுக்கு அனுப்பினேன். பொழுது சாயறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. அன்னிக்கி ராத்திரிதான் இதப் பிரிச்சேன்.

சாமி எடுத்துக்கிச்சுன்னு நம்பி, அமாவாசைக்கு அமாவாசை எண்ணெ கொண்டாருது. நானும் வாங்கி ஊத்தறேன். பாவி.

இந்தப் பக்கத்த அதுக்கு நீங்க படிச்சுக் காட்டுங்க சார். எனக்கும் எழுத்து நல்லாத்தான் தெரியும். வாய்தான் வரல.

வாம்மா நாகம்மா. தூக்க அப்டி வை. இன்னிக்கி வெளக்கு ஏத்தல. உக்காரு, சார் ஒண்ணு படிப்பாரு.