ஞாயிற்றுக்கிழமை அம்மா

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் விடுதியில் பிரியாணியே போட்டாலும் மீந்துபோகும். ஆம்பூரில் பிரியாணி மீந்துபோகிறது என்றால் எங்கோ பெரிய கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அதை நான் ஒருத்திதான் கவனித்தேன் சார். நீங்கள் விசாரணையில் கேட்பதற்கெல்லாம் தொடக்கம் அந்தப் பிரியாணிதான்.

என் பெயர் ஹெலன். பெண்கள் விடுதியில் வெகுகாலமாக வார்டன். போன வருடம் தாளாளர் என் அறைக் கதவில் 'மாணவியர் நல ஒருங்கிணைப்பாளர்' என்று புதுப் பலகை மாட்டினார். சம்பளம் பழையதுதான். ஆனால் பலகையை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது. வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிகிற பிள்ளைகள் ஞாயிறு சாயங்காலம் மட்டும் ஏன் அழுகிறார்கள் என்று யோசித்தேன். அன்றைக்குத்தான் வீட்டிலிருந்து போன் வரும். பேசி முடித்ததும் ஒருத்தி அழுவாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி அழுவாள், சோறு அப்படியே கிடக்கும். காய்ச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

போன் என் அறைக்கு வரும். பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இன்டர்காமில் பேசுவார்கள். ஒருநாள் பேச்சின் நடுவில் வெளி லைன் கட்டாகிவிட்டது. கூடத்தில் அந்தப் பிள்ளை "அம்மா, அம்மா" என்று தேம்பிக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா கண்ணு, இங்கதான் கீறேன்" என்றேன். அழுகை நின்றது. சாப்பிட்டாயா, படிக்கிறாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டேன். அந்த இன்டர்காமில் கரகரப்பு ஜாஸ்தி. அதில் எல்லா அம்மாக்களும் ஒரே அம்மாதான். அன்று அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு முதல் எல்லாருக்கும் நானே பேசினேன். நிஜ அம்மாக்களுக்குப் பேசத் தெரியவில்லை சார். "நீ இல்லாம வீடே வெறிச்சுனு கீது" என்று மூக்கைச் சிந்துவார்கள். சின்னப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? என் அம்மாக்கள் யாரும் அழவில்லை. அப்பாக்களுக்கு வாட்ச்மேன் கோவிந்தசாமியை உட்கார வைத்தேன். அவர் ஒருமுறை இருமுவார், "படிக்கிறியா?" என்பார், பிறகு "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வரவில்லை. அவரை விட்டுவிடுங்கள், பாவம். அவர் வெறும் அப்பாதான்.

பெற்றவர்களையும் அந்தரத்தில் விட முடியாதே. அவர்களிடம் பிள்ளையாகவும் நானே பேசினேன். குரலைக் கொஞ்சம் மூக்கில் ஏற்றினால் போதும். "நல்லாருக்கேம்மா, சாப்ட்டேம்மா, நீ உடம்பைப் பாத்துக்கோம்மா." பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் நேரில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், போனில் மட்டும் அப்படிப் பாசமாகப் பேசுகிறாள் என்று பூரித்துப்போனார். எனக்குக் கூச்சமாக இருந்தது. மாணவர் நலத்துக்கென்று எங்கள் பள்ளிக்குக் கேடயம் கிடைத்ததும் அந்த வருடம்தான்.

இப்போது ஜீவாவுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு. ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. அப்பா பரணிதரன் வேர்க்கடலை பயிரிடுகிறார். அம்மா அம்பிகா ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஜீவாவிடம் பேசுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்? மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள். "ஹெலன் மிஸ் ரொம்ப பேஜார் பண்றாங்கம்மா" என்பாள். "அவங்க உன் நல்லதுக்குத்தான் சொல்வாங்க கண்ணு" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனை வைப்பாள். அவசரமில்லாமல் பேசலாம் என்று அவளை வரிசையில் எப்போதும் கடைசியாக வைத்தேன்.

ஜனவரியில் அம்பிகாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பரணிதரன் போன் செய்து, பிள்ளையை ஒருமுறை கூட்டிக்கொண்டு போக வேண்டும், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். உடம்பெல்லாம் டியூப் செருகிய அம்மாவைப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் மனசு என்ன ஆகும்? அதற்குத்தானே என்னைப் பொறுப்பு வைத்திருக்கிறார்கள்? ஜீவாவையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கொஞ்சம் பொறுத்து ஜீவாவானேன். "டெஸ்ட் இருக்குப்பா. லீவுக்கு வர்றேன்." அவர் போனை அம்பிகாவிடம் கொடுத்தார். அவரிடமும் அதையே சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே ஜீவா கோகோ ஆடிக்கொண்டிருந்தாள், சிரிப்பும் கூச்சலுமாக. மறுநாள் அம்பிகா இறந்துபோனார்.

சாவுச் செய்தி வந்தபோது, ஜீவாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னேன். அம்மை போட்ட பிள்ளையைச் சாவு வீட்டுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். பரணிதரன் அழுதுகொண்டே, ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றார். அவருக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். அந்த ஞாயிறும் அம்மா ஜீவாவிடம் பேசினாள். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் பேசினாள். திடீரென்று நிறுத்தினால் பிள்ளை ஏங்கிப்போகாதா? யோசித்துப் பாருங்கள், அம்பிகா இருந்தபோது பேசியதும் நான்தான், போன பிறகு பேசியதும் நான்தான். ஜீவாவுக்கு ஒரு வாரம்கூட அம்மா இல்லாமல் போகவில்லை.

காரியம் முடிந்து ஒரு திங்கட்கிழமை பரணிதரன் வந்தார். மழித்த தலை. ஒரு கையில் இளநீர், ஒரு கையில் வேப்பிலைக் கொத்து. முகத்தில் ஒரு தழும்பும் இல்லாமல் ஜீவா ஓடிவந்தாள்.

"மொட்டை ஏம்ப்பா அடிச்சிக்கினே?"

அவர் அவள் முகத்தில் தழும்பைத் தேடினார். "அம்மா அப்டி கூப்ட்டாளே, ஏன் கண்ணு வரல?" என்றார்.

"எப்பப்பா கூப்ட்டாங்க? நேத்துகூட பேசினாங்களே. புது ஷூ எடுத்து வச்சிக்கீறேன், லீவுக்கு வான்னாங்க."

பரணிதரன் இளநீரும் வேப்பிலையுமாக என் பக்கம் திரும்பினார். பிள்ளை மிரண்டுபோய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் போய் அவளை அணைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல கண்ணு, இங்கதான் கீறேன்" என்றேன். பழக்கத்தில் அந்தக் குரலே வந்துவிட்டது. ஜீவா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம்.

அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை, போன் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள் என்கிறீர்கள். அவளை என்னிடம் விடுங்கள், சரியாகிவிடுவாள். எனக்கு வருத்தம் இல்லையா என்றும் கேட்டீர்கள். வருத்தப்பட என்ன இருக்கிறது? அம்பிகா ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது, டெஸ்ட் இருக்கிறது என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம், "சரி கண்ணு. நீ வரலன்னு நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். நல்லா படி" என்று அந்தக் குரல் சொன்னது. இதை நான் ஜீவாவிடம் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதை அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அம்மா என்னை மன்னித்துவிட்டுத்தான் போனார் சார்.