பித்தளைத் துண்டு

— எழுபத்திரண்டு மணித்தியாலம் பாரத்தோட தூக்கி விட்டுப் பார்த்தனான், தவராசா அண்ணை. ஒரு மில்லிமீற்றரும் இறங்கேல்லை. உங்கட வானில சில்லுக்கதிரை ஏத்துற தட்டுக்குப் புதுச் சிலிண்டர் தேவையில்லை. எண்ணெய் சொட்டுறதுக்குச் சீல் மாத்தினாக் காணும்.

— நீ புதுசையே போடு, சுபானி.

— இந்தப் பட்டறைக்கு வாறவை எல்லாரும் திருத்தித் தாங்கோ எண்டுதான் கெஞ்சுறவை.

— நான் அப்பிடி ஆளில்லை. வருத்தக்காரரை ஏத்தி இறக்கிற வாகனம். பழசைக் கழட்டி என்ர கையில தா.

— பழசு என்னத்துக்கு?

— வீசத்தான்.

— பின்னுக்குப் பழைய இரும்புத் தொட்டி இருக்கு.

— நான் வீசுறன் எண்டுறன். சந்திரா, நீ போய் வானுக்க இரு. இஞ்ச குளிருது.

— நான் நிக்கிறன் அப்பா. பிள்ளை சொல்லட்டும்.

— சந்திரா அக்கா, உங்கட புருசன் கேக்கிறாரில்லை, நீங்கள் கேளுங்கோ. தூக்கி வைக்க நிண்ட தட்டு, இறக்கப் பொத்தானை அமத்தினவுடன தொப்பெண்டு விழுந்தது.

— அதைத்தானே நானும் சொல்லுறன்! சிலிண்டர் பழுது.

— பழுது சிலிண்டரில இல்லை, அண்ணை. அதின்ர அடியில இந்தப் பித்தளைத் துண்டு இருக்கு. இதுக்குள்ளால எண்ணெய் மெல்லமாத் திரும்பினாத்தான் தட்டும் மெல்லமா இறங்கும். ஓட்டை ஊசி மொத்தம்தான் இருக்கவேணும். இதுக்குள்ள பென்சில் முனை போகுது. ஆரோ துளைச்சிருக்கினம்.

— கொம்பனிக்காரங்கள் அப்பிடித்தான் விட்டிருப்பாங்கள்.

— கொம்பனியில கைத்துளைப்பானாலயோ துளைக்கிறவை? கரையெல்லாம் பிசிர்.

— சரி, நான்தான். இப்ப என்ன? ஒரு கிழடு இறங்க ரெண்டு நிமிசம். பின்னால நிக்கிறவன் ஹோர்ன் அடிக்கிறான். அடுத்த ஆளுக்கு டொக்டர் குடுத்த நேரம், டெர்மின், பிந்துது. நீயே வானை ஓடிப் பார்.

— அதில இருக்கிறது மனிசர், அண்ணை. தக்காளிப் பெட்டி இல்லை.

— எனக்குப் பாடம் எடுக்காதை.

— சீ. நாள் முழுக்க ஊத்தை எண்ணெய்க்குள்ள கை வைக்கிறனான். அது கழுவினாப் போகும். இதைத் தொடவே அரியண்டமாக் கிடக்கு. ஆனா இதை உங்களிட்டத் தரமாட்டன்.

— தா எண்டுறன்! ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.

— ஒருத்தருக்குமோ, அப்பா?

— சந்திரா, வாயை மூடு.

— ஏலாது. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குச் சூப்புக் காய்ச்சிக்கொண்டு போய், அந்த மனிசியின்ர பிள்ளையளின்ர முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது. சுபானி, இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிற குணேஸ்வரி அக்கா, இவர் எல்லாருக்கும் சொன்ன மாதிரி, வீட்டுப் படியில விழேல்லை, பிள்ளை. இந்தத் தட்டோடதான் விழுந்தவ.