வலது பக்கத்துப் பட்டன்கள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரின் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றால் எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். இந்தச் சாலையில் போகிற வண்டிகளில் பாதியை ஓட்டுகிறவர்கள் அவரிடம் கற்றவர்கள். என்னிடம் மட்டும், "உனக்கு எதுக்கு அதெல்லாம், எங்க போகணும்னு சொல்லு, நான் கொண்டுபோய் விடுறேன்" என்று சொல்லியே காலத்தைத் தள்ளிவிட்டார். கொண்டுபோய் விட்டதும் இல்லை. காலையில் முதல் மாணவனோடு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. வந்ததும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், சுவரைப் பார்த்துத் தூங்குவார். தங்கமான மனிதர். எனக்கு அவர் மேல் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழிவாங்கல், அது இது என்று நீங்களாக ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள்.

பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்தபோது நீங்கள்தான் வந்தீர்கள். உங்களைப் 'பிசியோ பொண்ணு' என்றுதான் நாங்கள் வீட்டில் சொல்வோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் புண்ணியத்தில் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, கை மட்டும் அடம் பிடித்தது. விரல் விரலாக எப்படி நீட்டி மடக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தீர்கள். "முதல் ஆறு மாசம்தாம்மா பொன்னான நேரம். அதுக்குள்ள விட்டுட்டா கை அப்படியே மூடிக்கும், அப்புறம் திறக்கிறது ரொம்பக் கஷ்டம். புரிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். புரிந்தது. அவருக்கும் புரிந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மாணவனின் ஸ்டீயரிங்கை எட்டிப் பிடிக்க அந்தக் கைதான் வேண்டும். "கை வந்துட்டா மறுநாளே ஸ்கூலைத் திறந்துடுவேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்தது என் தம்பி. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், யாரோ விற்றுவிட்டுப் போனதாம். "மாமா, சும்மா விரலை ஆட்டிட்டிருங்க, எக்சர்சைஸும் ஆச்சு, பொழுதும் போச்சு" என்று மடியில் வைத்துவிட்டுப் போனான். உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளும் ஒரு பலகை, நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள். திரைக்குள் ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அதில் நாம் திருடன். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போகலாம், எந்தக் காரையும் நிறுத்தி ஓட்டுகிறவனை இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஒரு நல்ல குடும்பத்தில் இதை வைத்திருக்கலாமா என்று முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல். வண்டியைத் திருப்பும் குமிழ் இடது பக்கம். ஓடுவது, நிற்பது, சுடுவது எல்லாம் வலது பக்கத்துப் பட்டன்கள். அவருக்கோ இடது கை மட்டும். தலையணை மேல் கருவியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "ஏய், இங்க வா. நீ இந்தப் பக்கம் உக்காரு" என்றார். அவருடைய பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் எங்கே திருப்பினாலும் நிறுத்துவது இவர்தான். இப்போது திருப்புவது இவர், நிறுத்துவது நான்.

முதல் நாள் ஒரு ஐஸ்கிரீம் வண்டியைத் திருடினோம். பாட்டுப் பாடிக்கொண்டே போகும் வண்டி. பின்னால் போலீஸ் துரத்துகிறது, முன்னால் சிவப்பு விளக்கு. இவர், "நிறுத்து, நிறுத்து, சிக்னல்" என்று பதறுகிறார்.

"என்னங்க, நாம திருடனுங்க" என்றேன்.

"அதுக்காக? சிக்னல் சிக்னல்தானே."

நான் நிறுத்தவில்லை. ஐஸ்கிரீம் வண்டி பாட்டோடு சிக்னலைத் தாண்டி, ஒரு பழக்கடையைத் தாண்டி, ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி போலீஸை இழுத்துக்கொண்டு பாலத்திலிருந்து கடலுக்குள் பாய்ந்தது. மூழ்கும்போதும் பாட்டு நிற்கவில்லை. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் சத்தமே வராமல் குலுங்குகிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அவருடைய கடைவாய்ப் பல்லை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை, கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

அப்புறம் எங்களைப் பிடிக்க ஆளில்லை. தீயணைப்பு வண்டி, குப்பை லாரி, மேயருடைய படகு, எதையும் விட்டுவைக்கவில்லை. சாலையைக் கடக்கிறவர்களைப் பார்த்து, "ரெண்டு பக்கமும் பாத்து வரணும்னு உங்க வீட்ல சொல்லிக் குடுக்கலையா" என்று வாத்தியார் குரலில் அதட்டுவார், அதட்டிக்கொண்டே ஏற்றிவிடுவார். எதிரில் 'எல்' போர்டு மாட்டிய கார் வந்தால் மட்டும் மரியாதையாக ஒதுங்கி வழி விடுவார். ஒருநாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கதவைத் தட்டி, "என்னக்கா, சுடு, சுடுன்னு சத்தம் கேக்குது, எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டாள். துப்பாக்கிக் கடையில் பாதியில் நின்றிருந்தோம். "ரொம்ப நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அதுவரை என்னை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். இப்போது 'பார்ட்னர்' ஆகிவிட்டேன். நான் சமையலறையில் இருந்தால், "பார்ட்னர், வண்டி நிக்குது, சீக்கிரம் வா" என்று குரல் வரும். அடுப்பை அணைத்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஓடுவேன். தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். இத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆனது போல இருந்தது. சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் குழாயடியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் வங்கியைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தோம். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க நான் கையை எடுத்தேன். துப்பாக்கி வெடித்தது. குனிந்து பார்த்தால், தலையணை மேல் கிடந்த அவருடைய வலது கையின் கட்டைவிரல் பட்டன் மேல் இருக்கிறது. நான் பார்க்கப் பார்க்க இன்னொரு தடவை அழுத்தியது. அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சி மந்தம், அவர் கண்ணோ திரையில்.

"யாரு இப்ப சுட்டது?" என்றார்.

"நான்தாங்க."

"நல்லா சுட்ட, பார்ட்னர்."

இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டத்தின் நடுவில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அதற்குப் பிறகு, அந்தக் கை இடைஞ்சலாக இருக்கிறது என்று எடுத்து அந்தப் பக்கம் மெத்தைக்கடியில் செருகிவைத்தேன். விரல்களை விரித்து வைக்க நீங்கள் கொடுத்த பிளாஸ்டிக் பட்டை அவருக்கு அரித்தது, கழற்றிவிட்டேன். கை சில்லென்று இருந்ததால் விரல்களை மடக்கி ஒரு துணியைச் சுற்றினேன், அவிழ்ந்துவிடாதபடி கொஞ்சம் இறுக்கமாகவே. மத்தியானத் தூக்கத்தில் துணிக்குள் அந்த விரல்கள் தாமாக விரியப் பார்க்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது மாதிரி, அவை அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருப்பேன். பலமாகப் பிடித்ததே இல்லை.

உங்களுக்குப் போன் செய்து, "நாங்களே வீட்ல நல்லா செஞ்சுக்கிறோம், நீங்க அலைய வேண்டாம்" என்றேன். நீங்களும் நம்பிக்கையாகத்தான் பேசினீர்கள். பிசியோ பொண்ணு ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். "இதுக்கு மேல கை வராதுன்னு சொல்லிட்டாங்கங்க" என்றேன். எப்படியும் ஒருநாள் கேட்டுத்தானே ஆக வேண்டும், என் வாயால் கேட்டால் மனசு தாங்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு அழுதார். பயிற்சிக் காரை விற்றுவிடச் சொன்னார். உன்னைக் கஷ்டப்படுத்துகிறேனே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முகத்தைத் துடைத்துவிட்டு, கருவியை எடுத்துத் தலையணையில் வைத்து, "எழுந்திருங்க, இன்னிக்கு ஒரு ஏரோப்ளேன் திருடலாம்" என்றேன்.

திருடினோம். நகரத்துக்கு மேலே ஏறினால் கட்டடமெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. அவர் திருப்புகிறார், நான் ஏற்றுகிறேன், தலைகீழாகப் பறக்கிறோம். அழுத கண் காயாமலே வாய்விட்டுச் சிரித்தார். "இது போதும் பார்ட்னர், எனக்கு இது போதும்" என்றார். அவரே சொன்னது. அந்த ஆறு மாதத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பை வேறு எந்த வீட்டிலாவது யாராவது சிரித்திருப்பார்களா, சொல்லுங்கள்.

இன்று காலை நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறீர்கள், என் தம்பி கூப்பிட்டிருப்பான். துணியை அவிழ்த்தீர்கள். மூடிய கையைத் திறக்கப் பார்த்ததும் அவர் அலறிவிட்டார். நகம் உள்ளங்கையில் பதிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. "கை வராதுன்னு யாரு சொன்னது? நான் சொல்லவே இல்லையே" என்று அவர் முன்னாலேயே கேட்டுவிட்டீர்கள். அதைக் கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாம்.

இப்போது சமையலறைக்கு வந்து, "ஏம்மா இப்படிப் பண்ணீங்க" என்று கேட்கிறீர்கள். சரி, ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். அந்தக் கை திறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். திறந்துவிடக் கூடாது என்றுதான் மூடினேன். தெரிந்தேதான், தினமும்தான் செய்தேன். போதுமா?

சிகிச்சை இல்லத்தில் தங்கவைக்கப் போவதாகச் சொல்கிறீர்கள், வெளியே வண்டி நிற்கிறது. கூட நான் வர வேண்டாம் என்று அவரே சொன்னாராம். இருக்கட்டும், அது வலியில் வந்த பேச்சு, நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பையில் துணிமணிக்கு மேலாக அந்தக் கருவியையும் வைத்திருக்கிறேன், சார்ஜ் முழுசாக இருக்கிறது. இரண்டு நாள் போகட்டும், எடுத்துப் பார்ப்பார். ஒரு கையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடாமல் எவ்வளவு தூரம் போய்விடப்போகிறார்?